அண்ணனின் வண்டி நின்றதா?

மார்கழி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு நாற்பதுக்கு அண்ணனின் கைபேசி மணி அடித்து ஓய்ந்தது. ஆறரைக்கெல்லாம் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய ஹாரன் கேட்டிருக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டேன். வேறொருவர் எடுத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். இருட்டில் சாலையோரம் உட்கார்ந்திருந்தவரை யாரோ ஓர் அம்மா ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனாராம். நாங்கள் போவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

அண்ணன் பிறந்தது சென்னிமலையில், பெட்ஷீட் நெய்யும் குடும்பத்தில். அப்பா தறியை விற்ற பிறகு, அண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்கு வந்தார். என்னைப் படிக்க வைத்ததும், கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். யாரையும் கடிந்து பேசியறியாதவர். ஆனால் கடைக்காரர் சொல்லிவிட்டார் என்பதற்காக எதையும் நம்பமாட்டார்.

கடைசி வருடத்தில் அவருக்குத் தீராத தலைவலி அந்த மோட்டார் சைக்கிள். புது பேட்டரி பதினைந்து நாளில் இறங்கி, விளக்கு மங்கிவிடும். மெக்கானிக் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினார். அதுவும் எரிந்தது. பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்களோ என்று அண்ணன் கடையைச் சந்தேகப்பட்டார். கடைக்காரர் மெக்கானிக்கைக் கைகாட்டினார். எனக்கு வேறு பயம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த உடம்பு, கிக்கரை உதைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேட்டரி இறங்கினால் செல்ஃப் எடுக்காது, உதைத்தே ஆக வேண்டும்.

"வண்டிய வித்துப்போடுங்கண்ணா" என்பேன்.

"எனக்குள்ளயுந்தான் பார்ட்ஸ் மாத்தியிருக்குது. என்னையும் வித்துப்போடலாமா அம்மணி?" என்று சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய நாள், வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த என் மகன் மாமாவுடன் வண்டியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தான். எஞ்சினுக்குள் மின்சாரம் தரும் காயிலை அண்ணனே சோதித்தார். அதில் பழுதில்லை. அங்கிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ஒயர்களைத் தடவிக்கொண்டே வந்த மகன், சீட்டுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் சூட்டில் உருகிக் கிடப்பதைக் கண்டான். அதை வெட்டியெறிந்து, ஒயர்களை நேராகச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தான். எஞ்சினை முறுக்கியதும் மீட்டர் பதினாலு வோல்ட் காட்டியதாம்; பேட்டரிக்குச் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று அர்த்தம்.

"மெக்கானிக்குக்குக் கண்ணாடி போடோணும் போல மாப்ள!" என்று அவனிடம் அண்ணன் கத்தியது போனில் எனக்கும் கேட்டது. "அம்மணி, நாளைக்கு வாரேன், இட்லி ஊத்தி வை."

மறுநாள், அண்ணன் போன அன்று மத்தியானம், வண்டியை எடுத்துவரப் போன பங்காளி ஒருவர், சாவி வண்டியிலேயே இருந்தது, பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது என்றார். "வண்டி வழியில நின்னிருக்குது. ஒதச்சு ஒதச்சேதான் நெஞ்சு வலி வந்திருக்கோணும்." கூடியிருந்தவர்கள் என் மகனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அவன் சீட்டைக் கழற்றி, ஈயம் வைத்த இடத்தைக் காட்டினான். உறுதியாகத்தான் இருந்தது. நான் பார்ப்பதற்குள் மறுபடி ஒட்டியிருப்பானோ என்று பெற்றவளுக்கே தோன்றியது. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மாட்டினான். மீட்டர் அதே பதினாலைக் காட்டியது.

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏங்கண்ணு நின்னுச்சு?"

"தெரியலீங்மா."

அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. சோற்றையும் சரியாகத் தொடவில்லை. அண்ணனோடு மகனையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஓராண்டு ஓடிவிட்டது. அண்ணியாருக்குத் துணை நின்ற உறவினர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

போன வருடம், அண்ணனின் கருமாதியன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது, பந்தல் ஓரத்தில் ஓர் அம்மா தயங்கி நின்றார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் முகத்தை அடையாளம் கண்டு, விசாரித்து வந்தாராம். அண்ணனை ஆட்டோவில் ஏற்றிச் சென்றவர் அவர்தான்.

"வண்டி எந்த எடத்துலீங்க நின்னுபோச்சு?" என்று கேட்டேன்.

"நிக்கலீங்களே! ஓடற வண்டியத்தானுங்க ஓரங்கட்டி ஸ்டேண்டு போட்டாரு. அப்பறந்தான் நெஞ்சப் புடிச்சுட்டு ஒக்காந்தாருங்க. அந்தச் செவப்பு சுச்ச அமுக்கி வண்டிய அமத்துனது நானுங்க. சாவியத் திருப்போணும்னு ரோசனையே வல்லீங்க. லைட்டு எரிய எரிய அப்படியே உட்டுப்போட்டு வந்துட்டனுங்க."

எஞ்சின் நின்ற பின்னும் மத்தியானம் வரை எரிந்த அந்த விளக்குதான் பேட்டரியைக் குடித்திருக்கிறது. பரிமாறிக்கொண்டிருந்த மகன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"லைட்டு மங்கலா எரிஞ்சுதுங்களா?" என்று அவரிடம் கேட்டான்.

"மங்கலாவா? எதுக்க வந்த எனக்குக் கண்ணே கூசிப்போச்சுங்க சாமி."