ஓடை இறக்கமும் ஒரு விரலும்

அருப்புக்கோட்டை பஸ் போய்விட்டது. பாலவனத்தத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஜட்கா. அதன் செவலைக் குதிரைக்கு முழங்கால் இரண்டிலும் தழும்பு. பார்த்ததும், நடந்தே போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

வண்டிக்காரர் சவரிமுத்து குதிரையை இன்னும் பூட்டவில்லை. எதிரே நின்று அதன் நெஞ்சில் ஒரு விரலை லேசாக வைக்கிறார். அடியில்லை, அதட்டலில்லை. குதிரை காலைப் பெயர்க்காமல் உடம்பை மட்டும் மெல்லப் பின்னங்கால்கள் மேல் சாய்க்கிறது. உடனே விரலை எடுத்துவிட்டு, "பலே!" என்று ஒரு துண்டு கருப்பட்டி ஊட்டுகிறார். மறுபடி விரல், மறுபடி கருப்பட்டி.

"என்ன வித்தை இது?" என்று கேட்கிறேன்.

"பாரத்தையெல்லாம் முன்னங்காலுல போட்டுத்தேன் இவுக போன மாசம் ஓடை இறக்கத்துல விழுந்தாகய்யா. பின்னங்காலுல தாங்கப் பழகிட்டா விழ மாட்டாக. அதுக்கப்புறம் இன்னைக்குத்தேன் ஆளோட இறங்கப் போறாக. ஏறுங்க."

அந்த ஆள் நான்தான். அவர் குதிரையைப் பூட்டியதும், வேறு வழியில்லாமல் ஏறுகிறேன்.

இறக்கம் வருகிறது. வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்து, முன்னால் குனிந்து, குதிரையின் முழங்கால்களையே பார்க்கிறேன். சவரிமுத்து திரும்பி என் நெஞ்சில் ஒரு விரலை வைக்கிறார். என்னையறியாமல் பின்னுக்குச் சாய்கிறேன். குதிரையும் பின்புறத்தைத் தாழ்த்தி, அடி மேல் அடி வைத்து இறங்கி, ஓடை மணலில் நிமிர்ந்து நிற்கிறது.

"பலே!" சவரிமுத்து குதித்திறங்கி அதற்கு ஒரு துண்டு ஊட்டுகிறார். அடுத்த துண்டு என் பக்கம் வருகிறது.

கையை நீட்டுவதா, வாயைத் திறப்பதா என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.