கடைசிப் பதினைந்து நிமிடம்

கல்யாணமான புதிதில் நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். மனைவி கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளை மெட்னி ஷோவுக்குக் கூட்டிப்போவேன். படம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்து ஓடுவோம். மலைக்குப் போகும் கடைசி பஸ் அந்த நேரத்துக்குத்தான். எங்கள் தோட்டத்தார் யாருமே எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. காதல் படமென்றால் பாதகமில்லை, எப்படியும் கல்யாணத்தில்தான் முடியும்.

நாசமாய்ப் போன அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படம்தான் காலை வாரிவிட்டது. மேடை நாடகம் ஒன்றைப் படமாக்கியிருந்தார்கள். ஒரே வீடு, ஒரு பிணம், சந்தேகப்பட ஆறு பேர். கொலை செய்தவர் இங்கேதான் இருக்கிறார் என்று பொலிஸ்காரர் கதவைச் சாத்தினார். நாங்கள் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் விசாரணைதான். டாக்டர்தான் என்பேன். செத்தவரின் தம்பிதான் என்பாள். வெளியே யாரிடமாவது கேட்டிருக்கலாம், என் கௌரவம் விடவில்லை. தோற்றவர் ஆயுளுக்கும் காலைத் தேநீர் போடவேண்டும் என்று பந்தயம் கட்டினேன். தீர்ப்பு வரும்வரை அவளே போடட்டும் என்பது என் ஏற்பாடு.

போன மாதம் மகள் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப்பிடித்து டிவியில் போட்டுக்கொடுத்தாள். கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். கொன்றது டாக்டருமில்லை, தம்பியுமில்லை. மூலையில் வாய் திறக்காமல் கம்பளி பின்னிக்கொண்டிருந்த அத்தை!

மனைவி ஆச்சரியப்படவே இல்லை.

"எங்க பள்ளிக்கூடத்துல இந்த நாடகத்தப் போட்டப்ப அத்தையா நடிச்சது நாந்தானே" என்றாள்.

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா இத்தன வருஷமா தம்பின்னு சொன்னே?"

"உண்மையச் சொல்லியிருந்தா, அதுக்குப் பொறகு என்னோட என்ன பேசியிருப்பீங்க?"

எனக்குச் சுரீரென்றது. சோறு ஆச்சா என்பதைத் தவிர அவளிடம் வேறென்ன கேட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். மேடையேறியவள் என்பதுகூடத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து துப்பறிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நானே தேநீர் போட்டு எடுத்துப்போனேன்.

"நீ எப்படி நடிச்சே, சொல்லு."

ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி கூடிப்போச்சு என்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முடிவு வரைக்கும் இருப்பீங்களா, இல்ல பஸ்ஸுக்கு ஓடிருவீங்களா?" என்று கேட்டுவிட்டு, முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள்.