சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?

டார்ச் லைட் வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு: இருட்டுக்கு வேண்டிய சாமானை எல்லோரும் வெயிலில் வந்துதான் வாங்குவார்கள், அதுவும் அரியலூர் வெயிலில். பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போலக் கடை வைத்து நொந்தவர்களுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதைச் சொன்னால் போதும், மீதி புரிந்துவிடும்.

பரீட்சை

குன்னம் பக்கத்திலிருந்து சரோஜா அக்கா வந்தார். மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். த்ரீ பேஸ் கரன்ட் ராத்திரியில்தான் வருகிறதாம். வீட்டுக்காரர் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். போன வாரம் பாதி வரப்பில் லைட் அணைந்துவிட்டது. காலடியில் ஏதோ சரசரவென்று ஊர்ந்திருக்கிறது. மனுஷர் முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் விடியும்வரை ஒரே இடத்தில் நின்றிருக்கிறார். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார், முடிக்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் லைட் இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று கண்ணைப் பறிக்கும். இன்னொன்று சாது. சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். எட்டு மணி நேரம் என்று அட்டையைக் காட்டினேன். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் 'குறைந்த வெளிச்சத்தில்' என்று போட்டிருந்ததை வாசித்துக் காட்டவில்லை. இரண்டிலும் முழு சார்ஜ் இருக்கிறதா என்று விசாரித்த அக்கா, இரண்டையும் முழு வெளிச்சத்தில் போட்டு மேஜைமேல் நிறுத்தினார்.

"பேங்குக்கும் சந்தைக்கும் போயிட்டு வரேன். ரெண்டும் எரியட்டும், நீங்க வியாபாரத்தப் பாருங்க."

கண் டாக்டர்

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒருவர் ஃபியூஸ் வாங்க வந்தார். எரிகிற லைட்டைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கமாட்டார்கள், எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். கண்பறிப்பானை எடுத்து நேராகத் தன் முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு ஸ்டூலைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரையும் தடவித்தான் வாங்கினார்.

"லைட்டு அருமைங்க. உங்க மூஞ்சியே தெரியல."

சைபர்

ஆலத்தியூர் சிமென்ட் பிளான்ட்டில் ஷிப்ட் பார்க்கிற ஒருவருக்கும் கண்பறிப்பான்மேல்தான் ஆசை. அது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, வேறொன்றைக் காட்டினேன். அட்டையில் ஒரு ஒன்று, அதன் பின்னால் ரயில் பெட்டி மாதிரி சைபர்கள், கடைசியில் லூமன். லூமன் கூடினால் வெளிச்சம் கூடும் என்று பிரசங்கமும் செய்தேன். அவர் அதையும் தன் பழைய லைட்டையும் எடுத்துக்கொண்டு என் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்து, சுவரில் இரண்டும் ஒரே மாதிரிதான் விழுகிறது, பழைய லைட்டின் அட்டையில் இதில் பாதி சைபர்கூட இல்லை என்றார். கம்பெனிக்காரன் போட்டிருக்கிறானே என்று இழுத்தேன்.

"அட்டையில சைபர் போட மை இருந்தா போதும்ண்ணே."

ரிசல்ட்

வெயில் ஏறியபோது கண்பறிப்பான் தொடமுடியாமல் சுட்டது. சூடு ஏற ஏறத் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. எனக்கு லாபம் அதிகம் அதில்தான். அக்கா வருவதற்குள் அணைத்து ஆற வைக்கலாமா என்று கை பரபரத்தது. ஆனால் வரப்பில் நின்ற மனுஷர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார், மனசு கேட்கவில்லை. தொடாமல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அது கண்ணை மூடிவிட்டது.

அக்கா கத்தரிக்காய்ப் பையோடு வந்தார். சாது விட்ட இடத்திலேயே, விட்டபடியே எரிந்துகொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார். வியாபாரி புத்தி போகுமா? சார்ஜ் மட்டும் போட்டுக்கொண்டால் அந்த இன்னொன்றில் ஏரிக்கரையே தெரியும், இதில் பக்கத்து வயல்கூடத் தெரியாது என்று கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"ஏரிக்கரைய அவரு பகல்ல பாத்துக்குவாரு. ராத்திரியில லைட்டு நிக்கணுங்க, அவரு நிக்கக்கூடாது."

இப்போதெல்லாம் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராவது கேட்டால் நான் அட்டையைக் காட்டுவதில்லை, லைட்டைப் போட்டு வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.