பன்னிரண்டு குட்டிகளும் பெரியக்காவின் சிவப்பு நாடாவும்

பெரியக்கா முன்பு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஆயா. இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்துக் கொட்டகைப் பொறுப்பாளர். வேலை மாறியதே தவிர கை மாறவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டியதும் தோளில் போட்டு முதுகைத் தட்டுவார்.

"ஆட்டுக்கு எதுக்குக்கா ஏப்பம்?"

"உனக்கு வயிறு உப்பினா வாய் இருக்கு, சொல்லுவ. அது யார்கிட்ட சொல்லும்?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஆடுகளோடு வளர்ந்து, பட்டம் வாங்கி, மறுபடி ஆடுகளிடமே போய்ச் சேர்ந்தான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சேர்ந்தேன் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்.

சில குழந்தைகளுக்குப் பிறந்ததும் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். மூச்சு வழியே ஒரு வாயுவைக் கொடுத்துத் தளர்த்தலாம். அதைக் குறைந்த அளவில் கொடுத்தாலும் பலன் உண்டா என்பதே எங்கள் கேள்வி. ஆட்டுக்குட்டியின் நுரையீரல் குழந்தையுடையதைப் போன்றது என்பதால் பன்னிரண்டு குட்டிகள். ஆறுக்கு மருந்து வாயு. ஆறுக்கு ஒன்றும் செய்யாத வாயு. எதற்கு எது என்று புள்ளியியல்காரருக்கு மட்டுமே தெரியும். மூச்சை எண்ணி எழுதும் எனக்குத் தெரிந்துவிட்டால், மருந்து வாங்கிய குட்டி நன்றாகத்தான் மூச்சு விடுகிறது என்று என் கண்ணே சொல்லிவிடும்.

கண்காணிப்புக் குழு அதிகாரி வந்த அன்று, ஆறு குட்டிகளின் கழுத்தில் சிவப்பு நாடா இருந்தது. அழகுக்குக் கட்டியது என்று நாங்கள் விட்டிருந்தோம்.

"இது என்ன?"

"மருந்து வாங்கின பிள்ளைங்க சார்," என்றார் பெரியக்கா. "மூணு நாளாக் கட்டியிருக்கேன். பாத்தாலே தெரியுதே. இருபது வருஷமாப் பச்சப்பிள்ளைங்க மூச்சப் பாத்தவ நான்."

ஆய்வை நடத்தும் டாக்டரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரியாக் கட்டியிருந்தீங்கன்னா ரகசியம் வெளியாயிடுச்சுன்னு அர்த்தம். ஆய்வு ரத்து. உங்க வேலையும் நிக்காதும்மா."

"தப்பாக் கட்டியிருந்தா?"

"ஒண்ணுமில்ல."

பெரியக்கா யோசித்தார். "தப்பா இருக்காது சார்," என்றார்.

ஆட்டைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் கணிப்பும் அதே ஆறு குட்டிகள்தான்.

புள்ளியியல்காரரை வரவழைத்தார்கள். எது சரி, எது தப்பு என்று சொல்லமாட்டேன், எத்தனை சரி என்று மட்டும் சொல்வேன் என்றார். நாடா கட்டிய குட்டிகளின் எண்களை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பினார்.

"நாடா கட்டியது, கட்டாதது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டுக்கு ஆறுதான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் இவ்வளவு வரும்."

டாக்டரம்மாவுக்கு மூச்சு வந்தது. அதிகாரி பேனாவை மூடினார். பெரியக்காவின் முகம்தான் வாடிப்போனது. "இன்னொரு தடவ பாருங்க. எங்கயோ மாத்திப் பாத்திருப்பீங்க."

"அக்கா, பேசாம இருங்க," என்று காலை மிதித்தேன்.

நாடாக்களைத் தானே அவிழ்த்தார். இரண்டு நாள் குட்டிகளின் மூச்சைக் கவனிப்பதையே விட்டுவிட்டார். ஏப்பம் மட்டும் தவறவில்லை. மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் அறிக்கை வந்தது. என்னைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, படி என்றார். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஊழியராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே ரகசியம் பத்திரம் என்று இருந்தது. பட்டதாரியான நான் அதை இப்படிப் படித்துச் சொன்னேன்:

"உங்க இருபது வருஷ அனுபவத்த வச்சுத்தான் ஆய்வு சரின்னு உறுதி பண்ணாங்களாம்."

"ஒரு நகல் எடுத்துக் குடு," என்றார் பெரியக்கா. "வீட்டுக்காரர்கிட்டக் காட்டணும். அவருக்கு இங்கிலீஷ் வராது."