கோபத்தை விடுகிறேன் என்றேன்

வழக்கமாகக் குதிரையில் போகிற நான், அன்று என் ஏலத்தோட்டத்துக்கு நடந்தேன். குரங்கணி ஏற்றத்தில் நெஞ்சு அடைக்க, உட்கார்ந்துவிட்டேன். மலையிறங்கி வந்த எஸ்டேட் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒல்லியான மனிதர், யாரோடு பேசினாலும் நாடியைப் பிடித்துக்கொண்டே பேசுவாராம்.

“செத்தவுக உடம்பை அறுத்துப் பாத்திருக்கேன். ரத்தக்குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சு இறுகிக் கெடக்கும். நெய் மட்டுமில்ல, சுருட்டு, கோபம், நடக்காத உடம்பு, எல்லாம் சேந்துதான் கெடுக்குது. மொதல்ல எதை விடுறீக?”

“கோபத்தை விட்டுர்றேன்.”

“ஒங்க ஏலக்காய் பூரா சொத்தையாமே?”

“எந்தப் பய சொன்னான்?” என்று துள்ளி எழுந்தேன்.

துடித்த நாடியை விடாமலே சிரித்தார். “கோபம் ஒங்கள விடாது. சுருட்டைக் கொடுங்க.”

மடியிலிருந்த சுருட்டுக்கட்டைக் கொடுத்தேன். ஒன்றை உருவிப் பற்றவைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து நான் சுருட்டைத் தொடவில்லை. ஆனாலும், அவர் எனக்கு வைத்தியம் பார்த்தாரா, சுருட்டு தீர்ந்துபோய் வந்தாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.