ஹயாத் பாஷா தைத்த வாட்ச் பட்டை

ஆம்பூர் ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறது. என் பெயர் டேனியல். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "புதுசா இன்னா வந்திருக்கு, வாங்கலாமா?" என்பதுதான். நானும் சளைக்காமல் சொல்வேன். காதில் சத்தத்தைக் குறைக்கிற இயர்பட்ஸ் வாங்குங்கள், பஸ்ஸில் போகிறவர்களுக்கு நல்லது. ஏர் ஃப்ரையர் வேண்டாம், பிரியாணி ஊரில் அது இரண்டாவது மாதமே பரணுக்குப் போய்விடும். ஸ்மார்ட் வாட்ச் கட்டாயம் வாங்குங்கள், அது கையில் இருந்தால் நெஞ்சைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, எனக்கே கணக்குத் தெரியாது. ஹயாத் பாஷாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

பாய்க்கு ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது வயதிலிருந்து ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஒரு முழுத் தோலை மேசையில் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். முள் கீறிய இடம், உண்ணி கடித்த இடம், கத்தி பட்ட இடம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். சாக்பீஸால் சுழித்துவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து அச்சை வைத்து வெட்டுவார். ஆர்டர் கொடுத்த வெள்ளைக்காரர்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு குறை தேடுவார்கள். பாய் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரே ஒரு கிறுக்கு உண்டு. வீட்டுக்கு எந்த மின்சாரச் சாமான் வந்தாலும் அதற்குத் தோலில் ஒரு சட்டை தைத்துப் போட்டுவிடுவார். டிவி ரிமோட்டுக்குச் சட்டை, டார்ச்சுக்குச் சட்டை, சுகர் பார்க்கிற மெஷினுக்குப் பட்டன் வைத்த சட்டை. அவர் போனுக்குத் தைத்த உறை எவ்வளவு தடிமன் என்றால், மணி அடித்தால் அவருக்கே கேட்காது. "பிளாஸ்டிக்க கையில தொட்டா எனக்கு பேஜாரா இருக்கு தம்பி" என்பார். என் கடைக்குள் நுழைந்தால் பொருளைப் பார்க்கமாட்டார். அதோடு வருகிற பையைத்தான் மோந்து பார்ப்பார். "இது தோலுன்னு யார் சொன்னது? ரெக்சின்!" என்று மற்ற வாடிக்கையாளர் எதிரிலேயே என் மானத்தை வாங்குவார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அவர் வராத வாரம் கடை வெறிச்சென்று இருக்கும்.

போன ஜனவரியில் கம்பெனியில் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் தூபா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே கொண்டுபோய்க் காட்டினாள். நாடித் துடிப்பு எப்போதாவது திடீரென்று தாழ்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு நாள் முழுக்க மெஷின் மாட்டிப் பார்த்தபோது அது தாழவே இல்லை. மாதம் ஒருமுறை வந்து காட்டுங்கள், தாழ்ந்தது தெரிந்தால் அந்த நிமிடமே வந்துவிடுங்கள், பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும், அசட்டையாக இருந்தால் நின்ற இடத்திலேயே ஆள் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மறுநாளே தூபா என் கடையில் நின்றாள்.

"அண்ணா, அப்பாவுக்கு நாடி கம்மியானா சத்தம் போடணும். நான் டூட்டில இருந்தாலும் என் போன்ல தெரியணும். அப்படி இன்னா இருக்கு?"

நான் இருப்பதிலேயே நல்ல வாட்சை எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் கத்தும்படி நானே செட் பண்ணினேன். "இனிமே நிம்மதியா தூங்கும்மா" என்றேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டே வாரத்தில் பாய் வந்தார். மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. தோல் வேலை செய்கிற கைகளுக்குச் சொறி சீக்கிரம் வரும். ரப்பர் பட்டை அதைக் கிளறிவிட்டிருந்தது. "அதுவுமில்லாம அடியில ஒரு பச்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னுது. முனவ்வர் பேகம் தூக்கம் போச்சின்னு என்னத் திட்றா" என்றார். முனவ்வர் பேகம் அவர் மனைவி. நான் வேறு பட்டை தேடித் தருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் கையைப் பார்த்து அசந்துபோனேன். காபி நிறத்தில் அகலமான பட்டை. வாட்சுக்கு அடியில், மணிக்கட்டில் மெத்தென்று உட்காரும்படி ஆட்டுத்தோலில் ஒரு வட்டத் திண்டு. அதன்மேல் வாட்ச். ஒரு நூல் பிசிறு இல்லை. "இப்ப சொறியும் இல்ல, லைட்டும் இல்ல" என்றார். நான் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். என்னிடம் வாட்ச் வாங்கிய ஏழு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பாய் ஏழு பேருக்கும் தைத்துக் கொடுத்தார். வாட்ச் பெட்டிக்குள், அதை எப்படிக் கட்ட வேண்டும் என்று அச்சடித்து ஒரு சின்னக் காகிதம் மடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பாயும் படிக்கவில்லை, இருபது வருடமாகக் கடை நடத்துகிற நானும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. தூபாவின் போனில் தினமும் எழுபத்திரண்டு, எழுபத்தைந்து என்று வந்தது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு அதுவும் நின்றது. தூபா கூப்பிட்டால், "வாட்ச் நல்லாத்தானே காட்டுது, ஒரு நாள் லீவு போட்டா லைன் நின்னுடும்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்துக் கடைக்கு வந்தார். வாட்சின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த ஸ்கிரீன் கார்டு கீறியிருந்தது, மாற்ற வேண்டும். கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்த்திருந்தது. மாடி ஏறின களைப்பு என்றார். என் கடைக்கு மாடிப்படியே கிடையாது.

நான் ஸ்கிரீன் கார்டை உரிக்க வாட்சைக் கையில் எடுத்தேன். திரை தானாக எரிந்தது.

எழுபத்து மூன்று.

எனக்குப் புரியவே இல்லை. வாட்ச் என் கையில். பாய் நான்கு அடி தள்ளி. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். திண்டுக்கும் வாட்சுக்கும் நடுவே அந்தப் பச்சை வெளிச்சம் தோலின்மேல் மினுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினேன். எழுபத்து நான்கு.

"பாய், இங்க பாருங்க."

அவர் எழுந்து வந்து பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டைவிரலால் அந்தத் திண்டை மெதுவாகத் தடவினார்.

"தம்பி, இது ஆட்டுத் தோலு. நானே வெட்டினது."

"ஆமா பாய்."

"செத்த ஆட்டுக்கு எப்பிடி தம்பி துடிக்கும்?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அந்த வெளிச்சம் நேராக உடம்பில் பட்டு ரத்தம் ஓடுவதைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்லும். நடுவில் எதை வைத்தாலும் பாழும் மெஷினுக்குத் தெரியாது, அதன் பாட்டுக்கு ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு பெண் ஐந்து மாதமாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். தூங்கு என்று சொன்னவன் நான்.

பட்டையிலிருந்து வாட்சைப் பிடுங்கி, வெறும் வாட்சை அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். அது தேடியது. கோடு கோடாக ஓடியது. பிறகு எண் வந்தது.

முப்பத்தெட்டு.

கொஞ்ச நேரத்தில் வாட்ச் கத்த ஆரம்பித்தது. ஐந்து மாதமாகக் கத்தாத வாட்ச். தூபாவுக்குப் போன் போட்டேன். அவள் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வாட்ச விடுங்கண்ணா. அப்பா கையப் பிடிச்சு, கட்டவிரலுக்குக் கீழ ரெண்டு விரல வச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க."

எண்ணினேன். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அவ்வளவு நேரம் இருந்தது. முப்பத்தாறில் நிமிடம் முடிந்துவிட்டது. "ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். அப்பாவப் படுக்க வைங்க, ஒரு அடிகூட நடக்க விடாதீங்க" என்றாள்.

கடைக்குள்ளேயே அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுக்க வைத்தேன். "தலை சுத்துச்சா பாய் இத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமாவே சுத்துது."

"சொல்லக்கூடாதா?"

"வாட்ச் எழுபத்திரண்டு காட்டும்போது நான் இன்னான்னு தம்பி சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோலில் ஒரு குண்டூசிக் குறை இருந்தால் விரலால் கண்டுபிடிக்கிற மனுஷன், தன் உடம்பு சொன்னதை நம்பாமல் நான் விற்ற பொருளை நம்பியிருக்கிறார்.

வேலூரில் அன்று மாலையே ஏற்பாடு செய்து, மறுநாள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முனவ்வர் பேகம் கையெடுத்துக் கும்பிட்டு அவரை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். பாய் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூபா பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"தம்பி, அந்த ஏழு பேருக்கு போன் பண்ணிட்டியா?"

மூன்று நாளும் பாயைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு பட்டைகள் என் நினைவிலேயே இல்லை.

அங்கேயே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நான்கு பேர் சும்மா நடைக்கணக்குப் பார்க்க வாங்கியவர்கள். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டார்கள். கடைசியாகக் குடியாத்தம் ஆரோக்கியமேரி டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் பிழைத்தவர், தனியாக இருக்கிறவர். கவலையே வேண்டாம் என்று சொல்லி நான்தான் வாட்ச் விற்றேன். பாய் போனைக் கொடு என்று கையை நீட்டினார். தூபா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டீச்சர், உடம்பு எப்பிடி இருக்கு?"

"கொஞ்ச நாளா மூச்சு வாங்குது பாய். ஆனா வாட்ச்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. எழுபத்தி நாலு காட்டுது."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த வாட்ச பட்டையோட கழட்டி மேச மேல வைங்க."

"வச்சிட்டேன். இன்னா விஷயம்?"

"இப்ப இன்னா காட்டுது பாருங்க."

டீச்சர் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எழுபத்தி நாலுதான்" என்றார். பிறகு குரல் மாறியது. "பாய், அப்ப இத்தினி நாளா நான் பாத்தது யாரோடது?"

தூபா ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "டீச்சர், அப்படியே உக்காருங்க. கட்டவிரலுக்குக் கீழ ரெண்டு விரல வைங்க. சத்தமா எண்ணுங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.