கோவை என்று கேட்டது

இது நடந்தது 2007ஆம் ஆண்டு, நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில், எங்கள் வீட்டில். பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிந்தது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மருந்துக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி பதிவு செய்ய வேண்டும் என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. வீட்டிலும் தினமும் டைரி எழுதுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கவனக்குறைவானவள் என்று அதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். தரையில் உரசும் சத்தம் நின்றுபோனது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. காபிக்கு வருகிறார் என்று நினைத்து டம்ளரை எடுத்து வைத்தேன். வரவில்லை. போய்ப் பார்த்தபோது பனியில் குப்புறக் கிடந்தார்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கட்டு. வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு போயிற்று. விழுங்கவும் முடியாததால் வயிற்றில் குழாய் பொருத்தி அதன் வழியே உணவு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியெல்லாம் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும், கீழ் ஹாலில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். ஐம்பத்திரண்டு வயதில், எந்நேரமும் ஏதாவது பேசிக்கொண்டிருந்த மனிதர், ஒரு சொல்லும் இல்லாமல் அந்த ஜன்னலையே பார்த்தபடி கிடந்தார்.

மார்ச் கடைசியில் ஒருநாள் பனிக்காலம் விட்டு முதல் பெருமழை பெய்தது. கூரையிலும் பின்பக்கத்து மரத்தளத்திலும் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தேன், அவர் உதடுகள் அசைந்தன. குழறலாக, ஆனால் தனித்தனியாக இரண்டு வார்த்தைகள். குனிந்து காதைக் கொடுத்தேன். மறுபடியும் சொன்னார்.

"காட்டு... கோவை."

அவர் ஊர் கோயம்புத்தூர். தம்பி குடும்பம் இன்னும் அங்கே பழைய வீட்டில்தான் இருக்கிறது. ஊரைக் காட்டு என்று கேட்கிறார். நான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து, "போகலாங்க, கோவைக்குப் போகலாம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று முதல் அந்த இரண்டு வார்த்தைகள்தான். சில நேரம் "கோ... கோ..." என்று திக்கித்தான் தொடங்கும். மழை பெய்தால் அதிகமாகச் சொல்வார். செய்தி பரவியதும் நண்பர்கள் வந்து பார்த்தார்கள். அவருடைய பொள்ளாச்சி நண்பர் அந்த வார்த்தைகளைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாருங்க அம்மிணி, பேச்சே போனாலும் ஊரு பேரு போகல. கோயமுத்தூர்க்காரனை எங்க கொண்டுபோய் வெச்சாலும் சிறுவாணித் தண்ணிய மறக்கமாட்டான்" என்றார். சொன்னதோடு விடவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பியபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பாட்டில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்கக் கொடுக்க முடியாது. பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

என் கொழுந்தனார் ஊரையெல்லாம் வீடியோ எடுத்து சிடியில் அனுப்பினார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட், வீட்டு வாசல், மருதமலைப் படிக்கட்டு. பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. படிக்கட்டு வந்ததும் இடது கையால் கட்டில் கம்பியை அடித்து, "காட்டு கோவை, காட்டு கோவை" என்று கத்தத் தொடங்கினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஊர் ஏக்கம் இவ்வளவு இருக்கிறதே என்று நான் அன்றே முடிவெடுத்துவிட்டேன். அழைத்துப் போய்விடுவது.

டாக்டர் வேண்டாம் என்றார். அவ்வளவு நேரம் விமானத்தில் படுத்தபடி போவது ஆபத்து, இன்னொரு ரத்தக்கட்டு வரலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. கூட வர ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தேன். வேலையில் நீண்ட விடுப்புச் சொன்னேன். கொழுந்தனார் கீழறையைக் காலி செய்து, குளியலறைச் சுவரில் கைப்பிடிகள் அடித்து வைத்தார். ஜூன் முதல் வாரம் கிளம்ப வேண்டும். மகளுக்கு அது பள்ளியின் கடைசி மாதம்.

"என் கிராஜுவேஷனுக்கு நீங்க ரெண்டு பேரும் இருக்கமாட்டீங்களா?" என்று அவள் ஒருமுறைதான் கேட்டாள். அப்பா எதைக் கேட்கிறார் என்று உனக்கே தெரியுமே என்றேன்.

"தெரியல," என்றாள். "அப்பா கோவைன்னு சொல்லலம்மா. லிஸன். குவாய், குவாய்ங்கறாரு."

அவள் இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசினால் பாதி ஆங்கிலம். எனக்குக் கோபம் வந்தது. "முதல்ல வாழைப்பழம்னு ஒழுங்கா சொல்லு பாப்போம். அப்புறம் அப்பா தமிழைத் திருத்தலாம்" என்றேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாமனார் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். வடகிழக்கில் ஷில்லாங்கில் பல வருடங்கள் இருந்தார். என் கணவர் கைக்குழந்தையாக அங்கே போய், ஒன்பது வயதில்தான் கோயம்புத்தூர் வந்தார். அன்றைக்கு அது அசாம். அவர்கள் கிளம்பி வந்து சில வருடங்கள் கழித்துத்தான் மேகாலயா என்று தனி மாநிலம் ஆனது. அதனால் வீட்டில் எல்லோரும் "அசாம்ல இருந்தப்ப" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சின்ன வயதில் வேறு ஏதாவது மொழி பேசினாரா என்று என்னிடம் கேட்டபோது, தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் இந்தி என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர் மகளைத் தூங்க வைக்கும்போது சொன்ன கதைகள் எல்லாம் அந்த ஊர்க் கதைகள்தான். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிடுவாராம். முதுகில் ஆமை ஓடு மாதிரி மூங்கில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் மழையில் நாற்று நடுவார்களாம். ஆற்றின் மேல் கட்டாத பாலம் ஒன்று உண்டாம். மரத்தின் வேர்களைக் குடைந்த பாக்குமரத் தண்டுக்குள் விட்டு, அக்கரை வரை வளர்த்து, மண்ணில் ஊன்றவிட்டு, பல வருடம் காத்திருந்து அதன் மேல் நடப்பார்களாம். சின்ன வயதில் அவரைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருத்தி, நெற்றியில் பட்டை போட்டுத் தொங்கவிட்ட கூடையில் அவரை உட்காரவைத்து முதுகில் சுமந்துபோவாளாம். பாதி கற்பனை என்று நான் நினைத்தேன். ஒருதடவையாவது சிரபுஞ்சிப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லீவு கிடைத்தபோதெல்லாம் நாங்கள் கோயம்புத்தூருக்கே போனோம். கல்யாணம், கிரகப்பிரவேசம், வளைகாப்பு.

மகள் அந்தக் கதைகளை மறக்கவில்லை. என்னிடம் சொல்லாமலே இன்டர்நெட்டில் தேடி, பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் சங்கத்துக்கு எழுதி, மேகாலயாவிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டாள். மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வந்தார். முப்பது வயதிருக்கும். பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அப்போது பொள்ளாச்சி நண்பரின் மனைவியும் இருந்தார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். நாங்கள் காசி இனத்தவர் என்று அவர் சொன்னதும், "காசியா? எங்க பெரியம்மா விஸ்வநாதரைப் பாக்கப் போயிருக்காங்க" என்றார் நண்பரின் மனைவி. வந்தவர் சிரித்துக்கொண்டே, அது வேறு காசி ஆன்ட்டி, நாங்கள் மேகாலயாவின் மலைக்காரர்கள் என்றார். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லிப் பழகிய சிரிப்பு அது.

அந்தப் பெண் கட்டிலருகே உட்கார்ந்து தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். என் கணவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். நான்கு மாதத்தில் யாருடைய குரலுக்கும் அவர் அவ்வளவு வேகமாகத் திரும்பியதில்லை.

"கோங்," என்றார்.

திக்கல் என்று நாங்கள் நினைத்த அந்த "கோ" திக்கல் அல்ல. அவர்கள் மொழியில் கோங் என்றால் அக்கா. அடுத்து அதே இரண்டு வார்த்தைகள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"கத்னோ குவாய் என்கிறார்," என்றார். "எத்தனை பாக்கு என்று கேட்கிறார்."

எனக்கு விளங்கவில்லை. பாக்கு வேண்டுமா, விழுங்க முடியாதே என்றேன். அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தார். அவர்கள் மலையில் பாக்கு போடாதவர் கிடையாது. வாசலுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பது பாக்குதான். நடந்தே போன காலத்தில் தூரத்தையும் அதை வைத்தே சொல்வார்களாம். ஒரு பாக்கை வாயில் போட்டு மென்று முடிக்கும் வரை நடக்கிற தூரம் ஒரு பாக்கு. அடுத்த ஊர் மூன்று பாக்கு, சந்தை ஐந்து பாக்கு. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் கல்படிகளில் கால் வலித்த பிள்ளைகள் பெரியவர்களைக் கேட்கிற கேள்வி இது. அக்கா, வீட்டுக்கு இன்னும் எத்தனை பாக்கு? இன்னும் எவ்வளவு தூரம்?

மழை பெய்யும்போதெல்லாம் கேட்டது அது. மருதமலைப் படிக்கட்டைப் பார்த்துக் கத்தியது அது. அந்த நிமிடத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பேச்சில் கோவை என்று சொன்னதில்லை. "கோயமுத்தூர்" என்றுதான் சொல்வார். பஸ்ஸின் பலகையிலும் பேப்பரிலும் வரும் பெயர் கோவை. அதை வீட்டில் சொல்கிறவள் நான்தான். இருபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்து இதைக் கவனித்திருந்தேன். கவனித்தது அப்போது உதவவில்லை.

அந்தப் பெண் அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "இன்னும் ஒரே ஒரு பாக்குதான் என்றேன்," என்றார். என் கணவர் கண்ணை மூடினார். அன்று மதியம் முழுவதும் முனகாமல் தூங்கினார்.

மாலையில் கொழுந்தனாருக்கு போன் செய்து, பயணம் வேண்டாம் என்று விஷயத்தைச் சொன்னேன். "அப்ப எங்கண்ணன் எங்களக் கேக்கவே இல்லீங்களா அண்ணி?" என்றார். அவர் அண்ணன் வந்து சேர்ந்த பிறகு கோயம்புத்தூரில் பிறந்தவர் அவர்.

அந்தப் பெண் எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொன்னார். நான் சமையலறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். மறுநாள் காலை என் கணவர் கேட்டபோது, ஒரே ஒரு பாக்குதான் என்று அவர் மொழியிலேயே சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "கோங்?" என்றார். என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதற்கப்புறம் நான் அதைச் சொல்லும்போதெல்லாம் இப்படித்தான் பார்த்தார். மகளும் சொல்லிப் பார்த்தாள். என்னைவிட நன்றாகவே உச்சரித்தாள். அவளையும் அப்படித்தான் பார்த்தார்.

அந்தப் பெண் மறுபடி வருவதற்குள் இரண்டாவது முறை ரத்தக்கட்டு வந்துவிட்டது. விமானத்தில் ஏறாமலே வந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு திரும்பவில்லை. அந்தப் பெண் தகவல் தெரிந்து ஓடிவந்தார். ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதைத் தலையணை ஓரத்தில் வைத்தார். என் மகளின் கிராஜுவேஷனுக்கு நான்கு நாள் முன்பு என் கணவர் இறந்தார். அவள் விழாவுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்குப் போயிருக்கிறேன், மேகாலயாவுக்குப் போகவில்லை. மகள் கூப்பிடுகிறாள். அந்தப் படிகளை நேரில் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இறங்கி முடித்தாரா, இன்னும் பாதியிலேயே நிற்கிறாரா என்பது தெரியாமல் அங்கே நான் எந்தப் படியில் நிற்பது? அந்த மாதங்களின் டைரியை எடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் என் தெளிவான கையெழுத்தில் "கோவை" என்று இருக்கிறது. அடித்துத் திருத்தவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியதாகத்தான் நான் நம்பியிருந்தேன். மழை பெய்யும் காலைகளில் அந்த ஜன்னல் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டுவிட்டேன். ஆனாலும், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்த மனிதருக்கு, அவர் கேட்காத ஓர் ஊரின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த என் குரல் மட்டும் எனக்குக் கேட்காமல் இருப்பதில்லை.